50 ஆண்டுத் தார்ச்சாலை வடிவமைப்பு: முதல்முறை கையில் எடுப்பவர்களுக்கு

நெடுஞ்சாலை கன்சல்டன்சி ஒன்றில் சேர்ந்து ஓரிரு வருடம் ஆன பொறியாளருக்கு ஒருநாள் இந்த வேலை வந்து சேரும்: "இந்தப் பகுதிக்கு நீண்ட ஆயுள் தளம் போட்டுக் கொடு." இந்திய சாலை காங்கிரஸின் தார்ச்சாலை வடிவமைப்பு நூலான ஐஆர்சி 37-ஐத் திறந்தால் இந்த 50 ஆண்டுத் தளத்துக்கு ஒதுக்கியிருக்கும் இடம் கொஞ்சம்தான். சீனியரைக் கேட்டால் "தடிமனைக் கூட்டிப் போடு" என்பார். கூட்டிப் போட்டால் ஆய்வுக் குழு கோப்பைத் திருப்பி அனுப்பும். திரும்பி வந்த கோப்புகளில் சிவப்பு மையில் குறித்திருந்த இடங்களை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். தேசிய நெடுஞ்சாலை, விரைவுச்சாலை அளவிலான வேலைகளுக்கு இது பொருந்தும். ஊராட்சிச் சாலைக்கு இவ்வளவு வேண்டாம்.

கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை: ஐஆர்சி 37-இன் 2018 பதிப்பு, அதன் திருத்தங்கள், மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் விவரக்குறிப்பு நூல் (2013, ஐந்தாவது பதிப்பு), தாருக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 73. திருத்தங்கள் 'இந்தியன் ஹைவேஸ்' மாத இதழில் வெளியாகும். பழைய நகலை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு, கூட்டத்தில் திருத்தத்தைக் காட்டினால் முழித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும்.

1. இந்தச் சாலைக்கு இது தேவையா என்று முதலில் பாருங்கள்

சாதாரணமாகத் தேசிய, மாநில நெடுஞ்சாலைகளுக்கு வடிவமைப்புக் காலம் 20 ஆண்டு. விரைவுச்சாலைக்கும் நெரிசல் மிகுந்த பெருவழிகளுக்கும் நீண்ட ஆயுள் தளமே நல்லது, இல்லையென்றால் குறைந்தது 30 ஆண்டு என்கிறது 2018 பதிப்பு. மொத்தப் போக்குவரத்து 300 எம்எஸ்ஏ அளவை எட்டினால் 50 ஆண்டுத் தளத்தை யோசிக்கலாம். எம்எஸ்ஏ என்பது 80 கிலோநியூட்டன் நிலையான ஆக்ஸில் எத்தனை மில்லியன் தடவை கடக்கிறது என்ற எண்ணிக்கை.

ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். நான்கு வழிச்சாலை. திறக்கும் ஆண்டில் ஒரு திசையில் நாளுக்கு 3,000 கனரக வாகனம், வளர்ச்சி 5 சதவீதம், விடிஎஃப் (ஒரு கனரக வாகனம் சராசரியாக எத்தனை நிலையான ஆக்ஸிலுக்குச் சமம் என்ற எண்) 5. இருவழி கொண்ட ஒரு பக்கத்துக்கு லேன் பங்கு 0.75. இதற்கு 20 ஆண்டில் 136 எம்எஸ்ஏ வரும். 30 ஆண்டில் 273. 50 ஆண்டில் 860. வளர்ச்சி கூட்டு வட்டிபோல் ஏறுவதால் காலம் இரண்டரை மடங்கானால் சுமை ஆறு மடங்குக்கு மேல் போய்விடுகிறது. 860-ஐ வழக்கமான ஆயுள் சூத்திரத்தில் போட்டுத் தடிமன் எடுப்பது முறையல்ல. அரை நூற்றாண்டுக்கான போக்குவரத்தை யாராலும் கணிக்க முடியாது. அதனால் நீண்ட ஆயுள் முறையில் கேள்வியே வேறு: எத்தனை வண்டி போனாலும் அடியில் விரிசல் தொடங்காத அளவுக்கு நெகிழ்வைக் குறைக்க முடியுமா?

கம்பியைப் பலமாக வளைத்து வளைத்து ஆட்டினால் ஒடியும். லேசாக மட்டும் அசைத்தால் எத்தனை தடவை அசைத்தாலும் ஒடியாது. தார்க் கலவைக்கும் அப்படி ஓர் எல்லை உண்டு. சுமார் 20 டிகிரி வெப்பத்தில் அது 70 மைக்ரோஸ்ட்ரெயின், அதாவது நீளத்தில் பத்து லட்சத்தில் 70 பங்கு இழுபடுவது. நம் சமவெளியில் சாலையின் ஆண்டுச் சராசரி வெப்பம் 35 டிகிரி என்பதால் ஐஆர்சி 37 அதை 80 என்று எடுத்துக்கொள்ளச் சொல்கிறது. மண்ணின் மேல்பரப்பில் செங்குத்து ஸ்ட்ரெயின் 200-ஐத் தாண்டக் கூடாது. உங்கள் வடிவமைப்பு இந்த இரண்டு எண்களுக்குள் அடங்க வேண்டும். மற்றதெல்லாம் இந்த இரண்டுக்கும் நம்பகமான உள்ளீடு தேடும் வேலை.

2. வண்டியை எண்ணுங்கள், எடையும் போடுங்கள்

ஏழு நாள், 24 மணி நேரமும் வகை பிரித்த வாகனக் கணக்கெடுப்பு கட்டாயம். பொங்கல், தீபாவளி வாரங்களையும் ஏதாவது வேலைநிறுத்தம் நடக்கும் நாட்களையும் தவிருங்கள். கரும்பு வெட்டு, நெல் அறுவடை, துறைமுகத்தில் நிலக்கரி இறக்குமதி என்று உங்கள் வழியில் எந்தச் சரக்கு எந்த மாதம் ஓடுகிறது என்பதை அருகில் இருக்கும் லாரி ஷெட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஆபீஸில் உட்கார்ந்தால் இது கிடைக்காது.

ஆக்ஸில் லோடு சர்வேயில்தான் பெரும்பாலான கோப்புகள் மாட்டும். மொத்தக் கனரக வாகனம் நாளுக்கு 3,000-க்குக் கீழ் என்றால் 20 சதவீதத்தை எடை போட வேண்டும். 3,000 முதல் 6,000 வரை 15 சதவீதம், ஆனால் 600 வண்டிக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் 10 சதவீதம், 900-க்குக் குறையக் கூடாது. நிறுத்தும்போது லோடு ஏற்றியது, காலி என்று பார்க்காமல் வரிசைப்படி நிறுத்துங்கள். பார்த்துப் பார்த்து லோடு வண்டியை மட்டும் எடுத்தால் விடிஎஃப் வீங்கும். வழிவிட்டு ஓரமாக வரும் வண்டியை மட்டும் எடுத்தால் இளைக்கும்.

இங்கே உள்ள பொறிகளைச் சொல்லிவிடுகிறேன்:

எடைப் பலகையைப் போட்ட அரை மணி நேரத்தில் செய்தி பரவிவிடும். ஆர்டிஓ சோதனை என்று நினைத்து ஓவர்லோடு வண்டிகள் முந்தைய டீக்கடையிலேயே நின்றுவிடும், அல்லது கிராமச் சாலையில் இறங்கிச் சுற்றிப் போகும். இரண்டு மணி நேரத்தில் முடித்துக் கிளம்பும் சர்வேயில் இந்த வண்டிகள் வராது. ஒரு முழு நாள், முடிந்தால் இரண்டு நாள், இரவும் சேர்த்து நடத்துங்கள். இரவில்தான் கனம் அதிகம். பக்கத்தில் சுங்கச்சாவடி இருந்தால் அங்குள்ள ஓடும் வண்டி எடைக்கருவியின் பதிவைக் கடிதம் கொடுத்து வாங்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

திசைக்கு ஒரு விடிஎஃப் தனியாக எடுங்கள். துறைமுகம், சிமென்ட் ஆலை, கல்குவாரி இருக்கும் வழியில் ஒரு பக்கம் லோடும் மறுபக்கம் காலியுமாக ஓடும். இரண்டையும் சராசரி போட்டால் லோடு போகும் பக்கம் சீக்கிரம் போய்விடும்.

பழைய சர்வேயை எடுத்துப் பயன்படுத்த வேண்டாம். 2018 ஜூலையில் மத்திய அரசு சட்டப்படியான ஆக்ஸில் எடையை உயர்த்தியது. நான்கு டயர் உள்ள ஒற்றை ஆக்ஸில் 10.2 டன்னில் இருந்து 11.5 டன் ஆனது. இரட்டை ஆக்ஸில் 19-இல் இருந்து 21. சேதம் எடையின் நான்காம் அடுக்கில் ஏறும். 10.2 டன் என்றால் 100 கிலோநியூட்டன். அதை 80-ஆல் வகுத்து நான்காம் அடுக்கு எடுத்தால் 2.4. 11.5 டன்னுக்கு அதுவே கிட்டத்தட்ட 4. எடை 13 சதவீதம்தான் கூடியது, சேதம் 60 சதவீதத்துக்கு மேல். ஓவர்லோடில் 16 டன் ஏற்றிய ஒரு ஆக்ஸில் 15 நிலையான ஆக்ஸிலுக்குச் சமம். இந்த ஒரு பத்தியை உங்கள் அறிக்கையில் அட்டவணையாகப் போட்டு வையுங்கள். கூட்டத்தில் கேள்வி கேட்பவர்கள் இதைப் பார்த்தால் கொஞ்சம் அடங்குவார்கள்.

காவல்துறை ஒத்துழைப்புக்கான கடிதத்தைச் சர்வேக்கு மூன்று வாரம் முன்பே கொடுங்கள். இரவில் ஒளிரும் கூம்புகள், விளக்கு, ஆட்களுக்கு மேல்சட்டை ஆகியவற்றின் செலவை விலைப்புள்ளியிலேயே சேருங்கள். பிறகு கேட்டால் யாரும் தரமாட்டார்கள். சர்வே முடிந்ததும் வண்டி வாரியான மூலத் தாள்களை ஸ்கேன் செய்து பின்னிணைப்பில் வையுங்கள். வெறும் விடிஎஃப் எண்ணை மட்டும் கொடுத்த கோப்பு நிச்சயம் திரும்பும்.

3. மண்ணைத் தோண்டுங்கள்

புதிய பாதை என்றால் அரை கிலோமீட்டருக்கு ஒரு குழியாவது நான் வைப்பேன், மண் நிறம் மாறும் இடங்களில் கூடுதலாக. மண்ணின் தாங்குதிறனைச் சதவீதமாகச் சொல்லும் சிபிஆர் சோதனையில் ஒரு முடிவு வர மாதிரியை நான்கு நாள் தண்ணீரில் ஊற வைக்க வேண்டும். அதற்கு முன் அடர்த்திச் சோதனை உண்டு. லேபில் அச்சுகள் குறைவாக இருந்தால் வரிசையில் காத்திருக்க வேண்டும். 40 கிலோமீட்டர் திட்டத்துக்கு மண் முடிவுகள் கைக்கு வர இரண்டு மாதம் என்று அட்டவணையில் போடுங்கள். மூன்று வாரம் என்று யாராவது சொன்னால், அவர் ஊற வைக்காமல் சோதிக்கப் போகிறார் என்று வைத்துக்கொள்ளலாம்.

முடிவுகள் வந்ததும் சராசரி எடுக்கத் தோன்றும். கூடாது. 20 எம்எஸ்ஏ-வும் அதற்கு மேலும் உள்ள சாலைகளுக்கு 90 சதவீத மதிப்பு வேண்டும். அதாவது பத்தில் ஒன்பது முடிவுகள் அந்த எண்ணுக்குச் சமமாகவோ மேலாகவோ இருக்க வேண்டும். ஒரே மாதிரி மண் உள்ள ஒரு பகுதியில் 6, 7, 8, 8, 9, 9, 10, 11, 12, 14 என்று வந்திருந்தால் சராசரி 9.4, வடிவமைப்புக்கு எடுக்க வேண்டியது 7. மீள்திறன் மாடுலஸாக (சுமைக்கு மண் காட்டும் விறைப்பு) மாற்றினால் 74 மெகாபாஸ்கலுக்குப் பதில் 61. சிபிஆர் 5 வரை அதைப் பத்தால் பெருக்கினால் போதும். அதற்கு மேல் 0.64-ஆம் அடுக்கு எடுத்து 17.6-ஆல் பெருக்க வேண்டும். எவ்வளவு நல்ல மண்ணாக இருந்தாலும் 100 மெகாபாஸ்கலுக்கு மேல் எடுக்கக் கூடாது. அது ஏறக்குறைய சிபிஆர் 15-க்குச் சமம்.

மேல் 500 மி.மீ. வெளியிலிருந்து கொண்டுவரும் கிராவலாகவும் அதற்குக் கீழே உள்ளூர் மண்ணாகவும் இருந்தால் கிராவலின் சிபிஆரை மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. இரண்டையும் சேர்த்துச் செயல்படும் சிபிஆர் கண்டுபிடிக்க வேண்டும். ஐஐடிபேவ் என்ற கணக்கு மென்பொருளில் 40 கிலோநியூட்டன் ஒற்றைச் சக்கரம், 0.56 மெகாபாஸ்கல் அழுத்தம் கொடுத்து மேற்பரப்பு இறக்கத்தை எடுத்து, அதிலிருந்து ஒற்றை மாடுலஸ் கணக்கிடுங்கள். தொடுபரப்பின் ஆரம் 150.8 மி.மீ. வரும். ஆய்வுக் குழு முதலில் புரட்டும் பக்கம் இதுதான்.

விருதுநகர், தூத்துக்குடி, கோயம்புத்தூர் பக்கம் கரிசல் மண்ணைத் தவிர்க்க முடியாது. மழையில் உப்பி வெயிலில் பிளக்கும் அந்த மண்ணின் மேல் எவ்வளவு தார் கொட்டினாலும் பயனில்லை. வீங்காத மண் 0.6 முதல் 1 மீட்டர் வரை மெத்தையாகப் போட வேண்டும், அல்லது சுண்ணாம்பு கலந்து நிலைப்படுத்த வேண்டும். இதை எடுத்த எடுப்பிலேயே முடிவு செய்துவிடுங்கள், ஏனென்றால் கிராவல் எங்கிருந்து வரும் என்ற கேள்வி அதோடு சேர்ந்தது.

கிராவல் எடுக்கும் பட்டா நிலத்துக்கு உரிமையாளரின் சம்மதக் கடிதம், சர்வே எண், கனிமவளத் துறை அனுமதி எல்லாம் வேண்டும். கண்மாய் மண் என்றால் இன்னும் ஒரு துறையின் அனுமதியும் சேரும். அந்த மண் பெரும்பாலும் களிமண், சாலைக்கு உதவாது. அனுமதி வாங்குவது ஒப்பந்ததாரர் வேலை என்று விட்டுவிட வேண்டாம். அனுமதி கிடைக்காத குவாரியை நம்பி சிபிஆர் 10 என்று போட்டால், வேலை தொடங்கும்போது கிடைக்கும் மண் 6 ஆக இருக்கும். அறிக்கையில் மூன்று குவாரிகளாவது, தூரம், கிடைக்கும் அளவு, சோதனை முடிவுகளோடு இருக்கட்டும்.

4. தண்ணீர் போகும் வழி

இதைத் தடிமனுக்கு முன்பே முடிக்க வேண்டும். சப்கிரேடின் (தளத்தைத் தாங்கும் இறுக்கிய மண் அடுக்கு) அடிப்பகுதி வெள்ள மட்டத்துக்கும் நிலத்தடி நீர் மட்டத்துக்கும் குறைந்தது 1 மீட்டர் மேலே இருக்கட்டும். வடிகால் அடுக்கான ஜிஎஸ்பி (அடி ஜல்லி அடுக்கு) தோள்பகுதிக்குள் நின்றுவிடாமல் சரிவின் விளிம்பு வரை போய் வெளியே திறக்க வேண்டும். குறுக்குவெட்டு வரைபடத்தில் அப்படிக் காட்டியிருப்பார்கள். களத்தில் தோள்பகுதிக்கு மண்ணை அணைத்து அந்த வாயை அடைத்துவிடுவார்கள். வரைபடத்தில் அந்த இடத்தைப் பெரிதாக்கித் தனிப் படமாகப் போடுங்கள்.

நடுமேட்டில் அரளிச் செடி வைத்து டேங்கர் லாரியில் தினமும் தண்ணீர் ஊற்றுவது நம் நெடுஞ்சாலைகளின் வழக்கம். அந்தத் தண்ணீர் நேராகத் தளத்துக்கு அடியில் இறங்கும். நடுமேட்டின் ஓரத்தில் தண்ணீர் புகாத தடுப்போ அடியில் வடிகுழாயோ வையுங்கள். வளைவுகளில் உயர்ந்த பக்கத்து நீர் நடுமேட்டில் தேங்கும், அங்கே இது இரட்டிப்பு முக்கியம்.

5. அடுக்குகள்

வழக்கமான அமைப்பு: சப்கிரேடின் மேல் ஜிஎஸ்பி, அதன்மேல் டபிள்யூஎம்எம் (ஈரம் கலந்து இறுக்கும் ஜல்லி), பிறகு டிபிஎம் (அடர்ந்த தார்க் கலவை), உச்சியில் பிசி அல்லது எஸ்எம்ஏ (மேல் தார் அடுக்கு வகைகள்). நீண்ட ஆயுள் தளத்தில் ஒவ்வொரு தார் அடுக்குக்கும் வேலை வேறு. அடி டிபிஎம் விரிசல் தாங்க வேண்டும், நடு அடுக்கு பள்ளம் விழாமல் விறைப்பாக இருக்க வேண்டும், மேல் அடுக்கு தேய்மானத்தைத் தாங்கி, தேவைப்படும்போது சுரண்டி மாற்றப்பட வேண்டும்.

தார் எது என்றால், விஜி-40 (பாகுத்தன்மையால் தரம் பிரித்ததில் கெட்டியான வகை). 35 டிகிரியில் அதன் கலவைக்கு 3,000 மெகாபாஸ்கல் மாடுலஸ் கிடைக்கும், விஜி-30-க்கு 2,000 தான். மேல் அடுக்கில் மாற்றியமைத்த தார் போடலாம். ஆனால் அதை அடி அடுக்குக்கும் பரிந்துரைத்து வரும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள், அட்டவணையில் 35 டிகிரிக்கு அதன் மாடுலஸ் 1,600 என்றிருப்பதை அவர்களிடம் காட்டுங்கள்.

அடி டிபிஎம்மில் தாரை அரை சதவீதம் போலக் கூட்டி, காற்று வெற்றிடத்தை 3 சதவீதத்தை ஒட்டி வைப்பது இந்த முறையின் உயிர். ஏன் என்பதற்கு ஒரு கணக்கு. ஆயுள் சூத்திரத்தில் 'சி' என்று ஒரு காரணி வரும். வெற்றிடம் 3, செயல்படும் தாரின் கன அளவு 11.5 என்றால் சி 3.15. வெற்றிடம் 5, தார் 10.5 என்று ஆனால் சி 0.87. மற்ற எல்லாம் அப்படியே இருக்க, ஆயுள் நான்கில் ஒரு பங்குக்கு அருகே இறங்கிவிடுகிறது! தடிமனைப் பற்றி மணிக்கணக்கில் வாதாடுபவர்கள் இந்த ஒரு வரியைக் கவனிப்பதே இல்லை.

டபிள்யூஎம்எம்முக்குப் பதில் சிமென்ட் கலந்த அடுக்கு போட்டால் தார் தடிமன் குறையும். அதற்கு மேல் விரிசலை மறிக்க 100 மி.மீ. ஜல்லி இடையடுக்கு வேண்டும், சிமென்ட் அடுக்குக்குத் தனியாக 0.80 மெகாபாஸ்கல் அழுத்தத்தில் சரிபார்ப்பும் வேண்டும். முதல் வடிவமைப்பிலேயே இதற்குள் போக வேண்டாம் என்பது என் கருத்து. ஜல்லி கிடைக்காத மாவட்டம் என்றால் வேறு வழியில்லை.

6. ஐஐடிபேவ்

கரக்பூர் ஐஐடியில் உருவான மென்பொருள், ஐஆர்சி 37-உடன் வருகிறது. ஜாவா இல்லாத கணினியில் திறக்காது. ஆபீஸ் கணினியில் அனுமதி வாங்க ஐடி ஆட்களுக்கு ஒருநாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். உள்ளீடுகள் கொஞ்சம்தான்:

அ) ஒரே மாடுலஸ் கொண்ட தார் அடுக்குகளைச் சேர்த்து ஒன்றாகவும், ஜிஎஸ்பி, டபிள்யூஎம்எம் இரண்டையும் சேர்த்து ஒன்றாகவும் கொடுங்கள். சப்கிரேடோடு மூன்று அடுக்கு.

ஆ) ஜல்லி அடுக்கின் மாடுலஸ் அதன் தடிமனையும் கீழே உள்ள மண்ணையும் பொறுத்தது. சிபிஆர் 8 மண்ணின் மாடுலஸ் 66.6. அதன்மேல் 450 மி.மீ. ஜல்லி என்றால் 450-இன் 0.45-ஆம் அடுக்கை 0.2-ஆல் பெருக்கி 66.6-ஆல் பெருக்க வேண்டும். 208 மெகாபாஸ்கல் வரும். தடிமனை மாற்றும் ஒவ்வொரு முறையும் இதையும் மாற்ற வேண்டும். பலர் மறந்துவிடுவார்கள்.

இ) சக்கரச் சுமை 20,000 நியூட்டன், அழுத்தம் 0.56, இரட்டைச் சக்கரம். பாய்சான் விகிதம் எல்லாவற்றுக்கும் 0.35.

ஈ) ஆய்வுப் புள்ளிகள் நான்கு: தார் அடுக்கின் அடி, சப்கிரேடின் மேல்மட்டம், இரண்டிலும் ஆரத் தூரம் 0, 155 மி.மீ.

விடைத் தாளைப் படிப்பதில்தான் புதியவர்கள் தடுமாறுவார்கள். அடுக்குகள் சந்திக்கும் ஆழத்துக்கு இரண்டு வரிகள் வரும். ஆழத்தின் பக்கத்தில் 'எல்' எழுத்து உள்ள வரி கீழ் அடுக்குக்கு உரியது. தாரின் கிடைமட்ட இழுவை ஸ்ட்ரெயினை 'எல்' இல்லாத மேல் வரியில் இருந்து எடுங்கள். தொடுகோட்டு, ஆரத் திசை இரண்டில் பெரியது எதுவோ அது. சப்கிரேடின் செங்குத்து ஸ்ட்ரெயினை 'எல்' உள்ள வரியில் இருந்து எடுங்கள். இதை மாற்றி எடுத்தால் எண் நம்பும்படியாகவே இருக்கும், அதனால்தான் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க சில எண்கள்: மேலே சொன்ன வெற்றிடம் 3, தார் 11.5 கலவையும் 3,000 மாடுலஸும் இருந்தால், 90 சதவீத நம்பகத்துக்கு, 136 எம்எஸ்ஏ-வுக்கு அனுமதிக்கும் இழுவை ஸ்ட்ரெயின் 149 மைக்ரோ, மண்ணில் 298. 273 எம்எஸ்ஏ என்றால் 124, 256. நீண்ட ஆயுளுக்கு 80, 200. அதாவது 20 ஆண்டுச் சாலையைவிட அடி நெகிழ்வு ஏறக்குறைய பாதியாக வேண்டும். தார்த் தடிமனை 10 மி.மீ. வீதம் ஏற்றி ஒவ்வொரு ஓட்டத்தையும் ஓர் அட்டவணையில் எழுதிவாருங்கள். 80-க்குக் கீழே இறங்கும் முதல் தடிமனோடு நின்றுவிடாமல், மண் மாடுலஸை ஒரு படி குறைத்தும் விஜி-40 மாடுலஸை 40 டிகிரிக்கான 2,000-க்கு இறக்கியும் ஓட்டிப் பாருங்கள். தமிழ்நாட்டு வெயிலுக்கு இந்தச் சரிபார்ப்பு வீண் போகாது. எல்லா ஓட்டங்களின் உள்ளீட்டுத் தாளையும் விடைத் தாளையும் அச்சிட்டு வைக்க வேண்டும். இறுதி ஓட்டத்தை மட்டும் வைத்தால் போதாது.

7. செலவை எப்படிச் சொல்வது

9 மீட்டர் அகலச் சாலையில் ஒரு கிலோமீட்டருக்கு 10 மி.மீ. தடிமன் கூடினால் 90 கன மீட்டர் கலவை, எடையில் 210 டன்னுக்கு மேல். அதில் நாலரை சதவீதம் தார் என்றால் ஒன்பதரை டன். தார் டன் அரை லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால் தாருக்கு மட்டும் நாலே முக்கால் லட்சம். 100 மி.மீ. கூட்டினால் பத்து மடங்கு. இந்தத் தொகையைத் தனியாகக் காட்டினால் யாருமே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். பக்கத்திலேயே 20 ஆண்டுத் தளத்தின் கதையையும் எழுதுங்கள்: காலம் முடிந்ததும் வலுவூட்டும் கனமான மேலடுக்கு, அதனால் உயரும் கெர்ப், தடுப்புச்சுவர், மேம்பாலத்துக்கு அடியில் குறையும் உயரம், போக்குவரத்தைத் திருப்பிவிடும் செலவு. நீண்ட ஆயுள் தளத்தில் மேலே 40, 50 மி.மீ. சுரண்டி அதே மட்டத்தில் புதிதாகப் போட்டால் முடிந்தது. ஆயுள்காலச் செலவு ஒப்பீடு 50 ஆண்டுக்கு இருக்கட்டும். கான்கிரீட் தளத்தையும் மூன்றாவது பத்தியாகச் சேருங்கள், எப்படியும் கேட்பார்கள்.

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் தார் விலையை மாதத்தின் 1, 16 தேதிகளில் மாற்றும். மதிப்பீட்டில் எந்தத் தேதி விலை, எந்த சுத்திகரிப்பு ஆலை, 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்ததா இல்லையா என்று எழுதாவிட்டால் தணிக்கையில் ஒரு கேள்வி உறுதி. லாரி வாடகையைத் தனி வரியாகப் போடுங்கள்.

8. கலவையும் களமும்

வடிவமைப்பாளரின் வேலை காகிதத்தோடு முடியாது. ஒப்பந்த ஆவணத்தில் நீங்கள் எழுதி வைக்காதது களத்தில் நடக்காது. குறைந்தது இவற்றை எழுதுங்கள்.

அடி டிபிஎம்முக்குத் தனிக் கலவை வடிவமைப்பு, தனி ஜேஎம்எஃப் (பிளான்டில் பின்பற்ற வேண்டிய கலவை விகிதம்). மேல் டிபிஎம்மின் ஜேஎம்எஃப்பையே இதற்கும் காட்டுவது அடிக்கடி நடக்கும். 35 டிகிரியில் மாடுலஸ் சோதனை அறிக்கை, அங்கீகரிக்கப்பட்ட லேபில் இருந்து. இந்தச் சோதனைக் கருவி எல்லா ஊரிலும் கிடையாது, ஐஐடி போன்ற இடங்களில் வரிசை இருக்கும், எனவே வேலை தொடங்கும் முன்பே மாதிரியை அனுப்ப ஒரு தேதி குறிப்பிடுங்கள்.

ஒவ்வொரு டேங்கருக்கும் ஆலைச் சான்று, பாகுத்தன்மைச் சோதனை. 60 டிகிரியில் விஜி-40-க்குக் குறைந்தது 3,200 பாய்ஸ். பிளான்டில் ஒரே தொட்டி இருந்தால் நேற்றைய விஜி-30 மிச்சத்தின் மேல் இன்றைய விஜி-40 இறங்கும். தொட்டி இரண்டு வேண்டும் என்று எழுதுங்கள்.

வெப்பம்: விஜி-40 கலவை பிளான்டில் 160 முதல் 170 டிகிரி, விரிக்கும்போது 150-க்குக் குறையாமல், உருட்டி முடிக்கும்போது 100-க்குக் குறையாமல். பிளான்டிலிருந்து களம் ஒன்றரை மணி நேர ஓட்டம் என்றால் தார்ப்பாய் மூடுவதை விவரக்குறிப்பிலேயே சேருங்கள்.

ஒட்டு: மென்பொருள் எல்லா அடுக்கும் ஒன்றோடொன்று முழுதாக ஒட்டியிருப்பதாக நினைத்துத்தான் கணக்குப் போடுகிறது. 250 மி.மீ. தாரை மூன்று தடவையாகப் போடும்போது இடையில் டேக் கோட் (ஒட்டுவதற்குத் தெளிக்கும் தார்ப் பூச்சு) விட்டுப்போனாலோ மேலே தூசி படிந்திருந்தாலோ அது ஒரே பலகையாக வேலை செய்யாது, அந்த 80 மைக்ரோ கணக்கு செல்லாது. தார்ப் பரப்பில் சதுர மீட்டருக்கு 0.20 முதல் 0.30 கிலோ எமல்ஷன், அதுவும் ஸ்ப்ரேயர் வண்டியில். வாளியில் துளை போட்டு ஊற்றுவதை இன்னும் பார்க்கலாம். நீளவாக்கு மூட்டுகள் கீழ் அடுக்கின் மூட்டிலிருந்து 150 மி.மீ. ஆவது தள்ளி வரட்டும்.

பெரிய ஜல்லி கொண்ட முதல் கிரேடிங் (ஜல்லி அளவுப் பிரிவு) டிபிஎம் லாரியில் இருந்து இறங்கும்போதே ஜல்லி தனியாகப் பிரியும். முடிந்தவரை இரண்டாம் கிரேடிங்கை 50 முதல் 75 மி.மீ. வரையான அடுக்குகளாகக் குறிப்பிடுங்கள். தவணை ஒன்று கூடும், பரவாயில்லை.

காலம்: தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. டிபிஎம்மை செப்டம்பரில் முடித்து பிசியை ஜனவரிக்குத் தள்ளும் வேலை அட்டவணையை ஏற்காதீர்கள். மூன்று மாதம் மழையும் லாரியும் திறந்த டிபிஎம் மேல் ஓடும்.

9. கோப்பில் என்னென்ன, எந்த வரிசையில்

வாகனக் கணக்கு மூலத் தாள்கள், ஆக்ஸில் லோடு மூலத் தாள்கள், திசை வாரியாக விடிஎஃப், வளர்ச்சி விகிதத்துக்கான காரணம் (5 சதவீதத்துக்குக் கீழே எடுக்க வேண்டாம்), குழிகளின் வரைபடம், படங்கள், சிபிஆர் வரைகோடுகள், ஒரே மாதிரி மண் பகுதிகளின் பிரிப்பு, செயல்படும் சிபிஆர் கணக்கு, குவாரி அட்டவணை, வடிகால் குறுக்குவெட்டு, ஐஐடிபேவ் ஓட்டங்கள், ஆயுள்காலச் செலவு, சிறப்பு விவரக்குறிப்புகள். இந்த வரிசையில் கொடுத்தால் படிப்பவர் முன்னும் பின்னும் தேட வேண்டியதில்லை, கேள்விகளும் குறையும். சர்வே தொடக்கம் முதல் சமர்ப்பிப்பு வரை ஆறு மாதம் கேளுங்கள். நான்குதான் தருவார்கள், அதற்குள் முடியும். இரண்டு மாதத்தில் கேட்டால் மண் சோதனையில் கை வைப்பார்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள்.

10. திறந்த பிறகு செய்ய வேண்டியதையும் எழுதிக் கொடுங்கள்

பராமரிப்பு அட்டவணை இல்லாத நீண்ட ஆயுள் அறிக்கையைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். திறந்த முதல் ஆண்டில் ஐஆர்சி 115 முறைப்படி எஃப்டபிள்யூடி (எடையை விழவைத்துத் தளம் எவ்வளவு இறங்குகிறது என்று அளக்கும்) சோதனை ஒன்று நடத்தி, அதைத் தொடக்க அளவாகப் பதிவு செய்ய வேண்டும். பிறகு சில ஆண்டுக்கு ஒருமுறை அதே புள்ளிகளில். மேலே விரிசல் தெரிந்தால் உடனே மேலடுக்கு போடாமல் கோர் (உருளையாக வெட்டிய மாதிரி) எடுத்துப் பாருங்கள். விரிசல் மேலிருந்து 40, 50 மி.மீ. ஆழத்தில் நின்றிருந்தால் சுரண்டி மாற்றுங்கள். அடிவரை போயிருந்தால் தண்ணீரோ ஒட்டோ எங்கோ தவறியிருக்கிறது; முதலில் ஜிஎஸ்பியின் வாய் திறந்திருக்கிறதா என்று ஓரத்தில் தோண்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கோர் எடுத்த துளையை அன்றைக்கே சூடான கலவையால் நிரப்பி இடித்து மூட வேண்டும் என்பதையும் அட்டவணையில் ஒரு வரியாகச் சேருங்கள்.